மூன்று கோடு கழித்தல்

“மைக்ரோவ புடிச்சாலே கை ஒதறுது. இதுல பிசிக்ஸ் படிச்சி இன்னாமே கிழிக்கப் போற?”

நான் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்த வாரம் மாமா கேட்டது இது. மாமா என்றால் அம்மாவின் தம்பி, என்னைவிடப் பன்னிரண்டு வயதுதான் பெரியவர். திருமழிசையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். பட்டறையில் கீழே விழுந்ததால் ஓரம் கட்டிவிட்ட ஒரு மைக்ரோமீட்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை அளக்கிற கருவி அது. எங்கள் பாடப்புத்தகம் அதைத் திருகு அளவி என்கிறது. மேனாம்பேட்டில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அதை என் கையில் கொடுத்து, ஒரு ஊசியை அளக்கச் சொன்னார். என் கை நடுங்கியது உண்மைதான். அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாமா பள்ளிக்கூடம் போனதில்லை. எண்களை அந்தக் கருவியில்தான் கற்றுக்கொண்டார். வரைபடத்தில் இருக்கும் எண்ணைப் படிப்பார், பக்கத்தில் இருக்கும் சொல்லை யாரிடமாவது கேட்பார். அம்மாவும் போனதில்லை. சின்ன வயதில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள், இப்போது பக்கத்திலிருக்கும் அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் இரும்பு பின் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனை மேசையில் உட்காருகிறாள். அப்பா நான் மூன்றாவது படிக்கும்போது இறந்துபோனார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழை முதலில் கையில் வாங்கியவள் நான். அதை வீட்டில் யாரும் படிக்கவில்லை. அம்மா மட்டும் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “தாளு கெட்டியா கீது,” என்றாள்.

அன்று மாமாவின் கேள்விக்குப் பதிலை அம்மாதான் சொன்னாள்.

“ரெண்டு வருஷம் படிக்கட்டும்டா. பிசிக்ஸ்ல நல்ல மார்க்கு வந்தா காலேஜு. வரலன்னா எங்க கம்பெனில பேக்கிங் லைன்ல ஆளு எடுத்துகினுதான் கீறாங்க. சூப்பர்வைசராண்ட சொல்லி வெச்சிட்டேன்.”

அவள் பயமுறுத்தவில்லை. அவளுக்குத் தெரிந்த இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வருடமும் பேக்கிங் லைனில் காலியாக இருக்கும் ஒரு ஸ்டூல் என் கண்ணில் நின்றது.

கை நடுங்குகிறது என்ற பேச்சை என்னால் விட முடியவில்லை. பள்ளி ஆய்வகத்தில் பழகலாம் என்றால், ஐம்பது பெண்களுக்கு நான்கு திருகு அளவிகள். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் மாமாவிடம் கேட்டு மைக்ரோமீட்டரை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

“வெச்சிக்க,” என்றார். “ஆனா அது அடிபட்ட மாலு. மூடிப் பாரு, சைபர்ல நிக்காது. மூணு கோடு தள்ளி நிக்கும். இன்னா வந்தாலும் மூணு கழிச்சிக்க.”

எதையும் அளக்காமல் மூடினாலே மூன்று கோடு, அதாவது 0.03 மில்லிமீட்டர், காட்டுகிற கருவி. புத்தகத்தில் அதற்குச் சுழிப்பிழை என்று பெயர். கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் பிழையுள்ள கருவியும் சரியாகப் பேசும்.

கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். என் தலைமுடி, பால் பாக்கெட், வெங்காயத்தின் உள்தோல். அம்மா கழற்றி வைத்திருந்த மெட்டியை அளந்தபோது, தரையில் உரசும் பக்கம் மேல்பக்கத் தடிமனில் பாதிகூட இல்லை. “எவ்ளோ தேஞ்சி கீது?” என்று கேட்டாள். சொன்னேன். “நடந்தா தேயாதா?” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

அளக்கப் பழகியபின் வீட்டைப் பார்க்கிற பார்வையே மாறியது. எஸ்டேட்டில் பெரிய பிரஸ் மெஷின் இறங்கும்போது எங்கள் குடத்துத் தண்ணீரில் வட்டங்கள் எழும். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். ஒருநாள் கவனித்தால், முதலில் வட்டம் வருகிறது, அதன் பிறகுதான் காதில் ‘தொம்’ என்று கேட்கிறது. ஒரே அடி, மண் வழியாக ஓர் அலையாகவும் காற்று வழியாக இன்னோர் அலையாகவும் வருகிறது. மண் முந்திக்கொள்கிறது. அப்புறம் எங்கள் மின்விசிறி. சாயங்காலம் அது சோர்ந்துபோவதை, பழசாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம். பின்தெருவில் புது அடுக்குமாடிகளில் ஐடி வேலைக்காரர்கள் வந்து ஏசி போடும் நேரமும் விசிறி சோரும் நேரமும் ஒன்றுதான். ஒரே டிரான்ஸ்பார்மர். இதை மாமாவிடம் சொன்னபோது, “அப்போ அவங்க ஊட்ல குளிர் ஏறச்சொல்ல நம்மூட்ல சூடு ஏறுது. இதுக்குப் புஸ்தகம் வேணுமா?” என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது. புத்தகம் இல்லாமல் இருந்தால் விசிறியைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் செய்முறைத் தேர்வு வந்தது. குலுக்கல் சீட்டில் எனக்கு விழுந்தது மீட்டர் சமனச்சுற்று. ஒரு மீட்டர் நீளக் கம்பி பொருத்திய பலகையை வைத்து, கொடுக்கப்பட்ட கம்பிச்சுருளின் மின்தடையைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு திருகு அளவியால் அந்தக் கம்பியின் தடிமனை அளந்து, அது எந்த அளவுக்கு மின்சாரத்தைத் தடுக்கும் பொருள் என்று கணக்கிட வேண்டும். சீட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். திருகு அளவியை என்னைப்போல் வீட்டில் வைத்துப் பழகியவள் அந்த அறையில் யாருமில்லை.

சுற்றை இணைத்தேன். முள் நடுவில் நிற்கும் இடத்தை நாலு முறை எடுத்தேன். ஆய்வக உதவியாளர் தேர்வுக்கென்று வந்திருந்த புதுத் திருகு அளவியைக் கொடுத்தார். கம்பியை வைத்து, பிடி சரியாக இறுகியதும் எழும் ‘கிர்’ ஒலி மூன்று முறை கேட்கும்வரை திருகினேன். கை நடுங்கவே இல்லை. அட்டவணையை மளமளவென்று நிரப்பினேன். பக்கத்து மேசைப் பெண் கேட்டதும் கருவியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

விடை குறைந்தது. வருடம் முழுக்க எங்கள் வகுப்பு அதே ரகக் கம்பியைத்தான் அளந்திருக்கிறது. என்ன வரவேண்டும் என்று எனக்கு மனப்பாடம். அதில் எட்டில் ஒரு பங்கு குறைந்தது. பெருக்கலைச் சரிபார்த்தேன், சரி. சமநிலை நீளத்தை மறுபடி எடுத்தேன், அதுவும் சரி. நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. பேக்கிங் லைன் ஸ்டூல் ஞாபகத்துக்கு வந்தது.

தடிமனைப் பார்த்தேன். 0.43. அதற்கு முந்தைய கட்டத்தில் என் கையெழுத்தில், அழகாக, சுழித்திருத்தம்: –0.03.

நான் அந்தக் கருவியை மூடிப் பார்க்கவே இல்லை. வீட்டுக் கருவியின் பிழையைப் பள்ளிக் கருவியின் தலையில் எழுதியிருந்தேன். கை நடுங்குகிறவளாக இருந்திருந்தால் நிச்சயம் மூடிப் பார்த்திருப்பேன். கை பழகிவிட்டது, அதனால் பார்க்கவில்லை.

பக்கத்து மேசைக்குப் போய், “ஒரே நிமிஷம் குடுடி,” என்று வாங்கி மூடினேன். சைபர் சைபரில் நின்றது. உண்மையான தடிமன் 0.46. தடிமனை இரண்டு முறை பெருக்குவதால் சின்னப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகி விடையில் உட்கார்ந்திருக்கிறது.

பேனாவை எடுத்தபோது ஒன்று தோன்றியது. 3-ஐ 0 ஆக்கிவிடலாம். 0.43-ல் 3-ஐ வளைத்தால் 6. கணக்குப் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதினால் யாருக்கும் தெரியாது. திருத்தம் தெரிந்தால் மதிப்பெண் குறைப்பார்கள் என்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் கம்பெனியில் சோதனைத் தாளில் அழிக்கக் கூடாது. எண் தப்பாக எழுதிவிட்டால், கீழே இருப்பது படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவளோடு வேலை செய்த ஒருத்தி பிளேடால் சுரண்டினாள் என்று ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “தப்பு பண்ணதுக்கு அனுப்பல, மறைச்சதுக்கு அனுப்ச்சாங்க,” என்று அம்மா வந்து சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா எண்களையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுதப் பழகியதே அந்தத் தாளுக்காகத்தான்.

ஒரே கோடு போட்டேன். மேலே 0.00 என்றும் 0.46 என்றும் எழுதினேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். கணக்கை முதலிலிருந்து எழுதி முடித்தபோது மணி அடித்தது.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார்.

“என்னம்மா இது, அடிச்சு கையெழுத்து வேற போட்டிருக்க. செக் லீஃபா?”

“இல்ல மிஸ். சுழிப்பிழை தப்பா போட்டுட்டேன். அப்புறம் கருவிய மூடிப் பாத்துட்டுத் திருத்தினேன்.”

“பாக்காம எப்படி மைனஸ் பாயிண்ட் நாட் த்ரீனு எழுதின? பக்கத்துப் பொண்ணப் பாத்தா?”

“எங்க வீட்ல இருக்கிற திருகு அளவி அப்படித்தான் மிஸ். பழக்கத்துல எழுதிட்டேன்.”

“வீட்ல திருகு அளவியா?” என்று நிமிர்ந்தார். “வீட்ல அத வச்சு என்ன பண்றீங்க?”

“மெட்டி அளந்தோம் மிஸ்.”

அவர் சிரிக்கவில்லை. கருவியை வாங்கி, மூடி, சைபரைத் தானே பார்த்தார். என் தாளில் எதையோ எழுதிவிட்டு, “போ,” என்றார். நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. தேர்வு முடிவு வரும்வரை எனக்கும் தெரியவில்லை. இயற்பியலில் செய்முறை மதிப்பெண் முழுதாக வந்திருந்தது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி இயற்பியல் இடம் கிடைத்தது. அம்மா சூப்பர்வைசரிடம் போய், “அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கங்க சார்,” என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் என்னிடம் அதை இரண்டு முறை சொன்னாள்.

கதை இங்கே முடிந்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் இன்னொன்றும் நடந்தது.

கல்லூரி முதல் வருடம், மைக்ரோமீட்டரின் சைபரைச் சரிசெய்யக் கொக்கி மாதிரி ஒரு சின்னச் சாவி உண்டு என்று தெரிந்துகொண்டேன். ஒன்றைத் தேடி வாங்கி, மாமாவின் கருவியைத் திருகிச் சைபரில் நிறுத்தினேன். அவரிடம் சொல்லவில்லை. ஒருநாள் அவரே மூடிப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது என் ஆசை. ஒரு வாரத்தில் ஏதோ வெளிவேலைக்கு அதை எடுத்துப் போனார். இரண்டு நாள் கழித்து, தண்டு நுழையும் சின்னக் குழல் மாதிரியான நாலு பித்தளை புஷ்ஷோடு வாசலில் நின்றார்.

“இன்னாமே பண்ண என் மைக்ரோவ?”

“சரி பண்ணேன் மாமா. இப்போ சைபர்ல நிக்குது.”

“நிக்குது. நான் மூணு கழிச்சிக் கழிச்சி ஓட்டினேன். நாலும் போச்சி. சொல்லிட்டுப் பண்ண மாட்டியா?”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தேர்வில் செய்த அதே தப்பை மாமா செய்திருந்தார், நான் செய்ய வைத்திருந்தேன். அன்றுதான் அவரிடம் தேர்வுக் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு புஷ்ஷை விரலில் உருட்டினார்.

“அப்போ கையி பழகினாலும் தப்பு வரும்னு சொல்ற.”

“பழகினாதான் மாமா வரும்.”

“பெரிய ஆளு,” என்றார். பாராட்டா கிண்டலா தெரியாது. ஒரு புஷ்ஷை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பேப்பர் பறக்காமல் இருக்க அது இன்றும் உதவுகிறது.

அன்று மாலையே கருவியின் பெட்டியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினேன். சரிபார்த்த தேதி, மூடினால் எங்கே நிற்கிறது, கழிக்க வேண்டியது எதுவுமில்லை, கீழே என் கையெழுத்து. எண்களைப் பெரிதாக எழுதினேன். ஒரு கருவியைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அது சரியாகிவிட்டது என்பது அதைத் தொடுகிற கைக்கும் தெரிய வேண்டும்.

இதையே வேலையாகச் செய்கிற இடங்கள் இருக்கின்றன என்று கல்லூரி கடைசி வருடத்தில் தெரிந்தது. பட்டறைகளின் அளவுக் கருவிகளை வாங்கி, சோதித்து, சீட்டு ஒட்டி அனுப்புகிற ஆய்வகங்கள். எங்கள் எஸ்டேட்டிலேயே ஒன்று இருக்கிறது, அம்மாவின் கம்பெனியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நேர்காணலில், “உங்க வீட்ல யாராவது இந்த லைன்ல இருக்காங்களா?” என்று கேட்டார்கள். “இரண்டு பேர் இருக்காங்க,” என்றேன்.

போன திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே நிறுத்தத்தில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். முதல் தட்டில் பதினோரு மைக்ரோமீட்டர்கள் இருந்தன. முதலாவதை எடுத்தேன். எதையும் வைக்காமல், மூன்று ‘கிர்’ கேட்கும்வரை மூடினேன். ஒரு கோடு தள்ளி நின்றது. அதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.