ஆடி பிறப்பதற்கு முதல் நாள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன், நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். புதுச்சேரியில் நோட்டுப் புத்தகம் போடும் ஒரு கம்பெனியில் பைண்டிங் வேலை கிடைத்தது. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. கம்பெனி மாடியிலேயே இன்னும் மூன்று பேரோடு படுத்துக்கொண்டேன். மனைவியும் மகளும் திண்டிவனத்தில் மச்சான் வீட்டில் தங்கினார்கள். ஒரு மாதம் என்று சொன்னது மூன்று மாதம் ஆகிவிட்டது. "அண்ணி நம்ம பால் பாக்கெட்ட ஃப்ரிட்ஜில தனியா வெக்கச் சொல்லிட்டாங்க" என்று மனைவி போனில் சொன்னாள்.

வேலை முடிந்ததும் வீடு தேடுவேன். போனில் பேச எனக்கு வராது. எதிரில் "யாரு?" என்று கேட்டதும் கட் செய்துவிடுவேன். அதனால் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் 'வீடு வாடகைக்கு' போர்டுகளைப் படித்தேன். பெல் அடிக்காமல் திரும்பிய வீடுகளும் உண்டு. கடற்கரைக்குப் பக்கத்தில் பாதி வீடுகள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டன. ஒரு வீட்டுக்காரர், "நீங்க மாசம் பூரா இருந்து குடுக்கறத, சனி ஞாயிறு வர்ற பெங்களூர் பசங்க குடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார். ஊருக்கு வெளியே தவளக்குப்பம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் என் சம்பளத்தில் பாதி கேட்டார்கள்.

ஆனி மாதம் கடைசி நாள் காலையில் மனைவி கூப்பிட்டாள். "நாளைக்கு ஆடி. ஆடியில யாரும் புது வீட்டுக்குப் போக மாட்டாங்க. இன்னிக்கு விட்டா இன்னும் ஒரு மாசம் நாங்க இங்கதான்."

அன்று மூன்றரை மணிக்கு உப்பளம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் போர்டைப் பார்த்தேன். பெல் அடித்தேன். அறுபத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. கீழ் போர்ஷனைக் காட்டினார். ஒரு ரூம், சமையலறை, பின்பக்கம் பாத்ரூம். வாடகை என்னால் கொடுக்க முடிகிற அளவில் இருந்தது.

"பாரீஸ்ல இருக்கற எம்மவன் இத டூரிஸ்ட்டுக்கு விடச் சொல்றான். தெனம் பெட்ஷீட்டு யாரு தொவைக்கறது, அவனா?" என்றார். "எப்ப வர்றீங்க தம்பி?"

"நாளைக்கே வந்துடறங்கம்மா."

அவர் முகம் மாறியது. "நாளைக்கு ஆடியாச்சே. நீங்க இந்துதான?"

"ஆமாங்கம்மா."

"அப்ப ஆவணியில வாங்க. போன வருஷம் ஒருத்தர் ஆடியில குடி வந்தாரு. ரெண்டாம் நாள் பைக்கோட விழுந்து கைய ஒடைச்சிக்கிட்டாரு. ரோட்டுல குழி. ஆனா தெருவே சேந்து வீடு ராசியில்லன்னு சொல்லிடுச்சி. ஆறு மாசம் பூட்டிக் கெடந்துது."

"எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை இல்லங்கம்மா."

"எனக்கும் இல்ல. கையொடிஞ்சவருக்கும் வரும்போது இல்ல."

சரிங்க என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். தெருமுனை வரைக்கும் போனேன். மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். திரும்பி வந்து மறுபடியும் பெல் அடித்தேன்.

"இன்னிக்கு ஆனிதாங்கம்மா. இன்னிக்கே பால் காய்ச்சிட்டா ஆனியில குடி வந்ததாதான் கணக்கு. சாமான் அப்புறம் வந்தா தப்பில்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாடிக்குப் போனார். தினசரிக் காலண்டரைப் பார்க்கத்தான் போயிருக்கிறார். "ராகு காலம் மூணு மணியோட முடிஞ்சிடுச்சி" என்று மேலிருந்தே சொன்னார். "பால் இருக்கா?"

இல்லை. பாத்திரமும் இல்லை, அடுப்பும் இல்லை. நான் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட்டும் சர்க்கரையும் வாங்கி வருவதற்குள் ஒரு சின்ன காஸ் அடுப்பும் பாத்திரமும் சமையலறை மேடையில் இருந்தன. "கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பால் காய்ச்சற பாத்திரம். இதுல மீன் வெச்சதில்ல, பயப்படாதீங்க" என்றார்.

மனைவியை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் முதலில் சமையலறையைப் பார்த்தாள், பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள்.

"யாரோடது?"

"எங்களுதும்மா" என்று அந்த அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "உங்க வீட்டுக்காரர் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்துட்டாரு."

"அவர் பொண்ணு பாக்கவும் அப்படித்தாங்க வந்தாரு" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் பொங்க நேரமானது. அந்த அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைவிட அவருக்குத்தான் கவலை அதிகம் போலிருந்தது. "எந்தப் பக்கம் பொங்கணும்?" என்று கேட்டார். கிழக்கே பொங்கினால் நல்லது என்றாள் மனைவி. பால் எழும்பி எல்லாப் பக்கமும் வழிந்தது.

"கடல் பக்கம்தான் முதல்ல வழிஞ்சிது. நான் பாத்தேன்" என்றார் அந்த அம்மா.

முதல் டம்ளரை அவருக்குக் கொடுக்கச் சொன்னாள் மனைவி. சுகர் இருக்கிறது என்று சர்க்கரை போடாமல் வாங்கினார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஈரமான மேடை மேல் வைத்தார். "தெருவுல யாராவது கேட்டா ஆனின்னு சொல்லுங்க" என்றார். அன்று ராத்திரி அங்கேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆடி ஒன்று. கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து சரி செய்துவிட்டுப் போனார். மதியம் மனைவியும் மகளும் திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.