கோட்டையில் காய்ந்த மல்லாட்டை

எழுபத்தொரு வயதில் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன். பதினெட்டுப் படி ஏற வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நேற்று ஒரே சொல்லை இருமுறை எழுதி, இரண்டும் சமமா என்று கணினியைக் கேட்டோம். ஆம் என்றது. இரண்டும் ஒன்றேதானா என்று கேட்டோம். இல்லை என்றது. எழுத்தெல்லாம் ஒத்திருந்தாலும் ஸ்ட்ரிங் என்கிற எழுத்துச் சரம் ஒவ்வொன்றும் தனிப் பிறவியாம். சிம்பல் என்று வேறொன்று உண்டு. அதுதான் எத்தனை முறை எழுதினாலும் ஒன்றே. அறுபத்தொரு வருடமாக நான் சொல்லிவருவதும் அந்த ஸ்ட்ரிங் கதையைத்தானே!

திண்டிவனத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எனக்கும் அத்தை மகளுக்கும் வீட்டில் சித்தப்பாதான் பாடம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல விடையை எழுதி, ஓர் எழுத்துக்கூட விடாமல் ஒப்பிக்க வேண்டும், விட்டால் குட்டு. செஞ்சிக் கோட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் வாசலில் காய்ந்த வேர்க்கடலையைப் பார்த்து, “மழ வருது, மல்லாட்டைய அள்ளுங்க” என்றார். இருவரும் அதையும் எழுதிக்கொண்டோம். மறுநாள் ஒப்பித்தபோது அரைத் தூக்கத்தில் தலையாட்டினார். முழுப்பரீட்சையிலும் அப்படியே எழுதினோம்.

வாத்தியார் இரண்டு தாளையும் அருகருகே வைத்தார்.

“யாரு யாரப் பாத்துடா எழுதினது?”

“யாரும் பாக்கல சார். நடுவுல நாலு பெஞ்சு இருக்குது” என்றேன்.

“அப்புறம் எப்பிடிடா ரெண்டு பேரு கோட்டையிலயும் மல்லாட்ட காயுது?”

வகுப்பே சிரித்தது. ஒருவர் ஒப்புக்கொண்டால் மற்றவர் தேறலாம். இல்லையென்றால் இருவருக்கும் மறுபடி ஐந்தாம் வகுப்பு என்றார். நான் ஒப்புக்கொள்ளாமல் கையை நீட்டினேன். எட்டு அடி.

“எழுத்து ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா சார்? அது அவ எழுதினது. இது நான் எழுதினது.”

மறுபடி பிரம்பை ஓங்கினார். அத்தை மகள் எழுந்தாள்.

“நாந்தான் சார் பாத்து எழுதினேன்.”

நான் தேறினேன். செய்யாததை ஒப்புக்கொண்டு என் வழக்கையே கெடுத்துவிட்டாள் என்று பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. அதே வகுப்பில் இன்னொரு வருடம் எதற்கு என்று அத்தை அவளைப் பள்ளியைவிட்டு நிறுத்தினாள்.

நான் பார்த்து எழுதவில்லை. அவளும் எழுதவில்லை. இன்றைக்கு அந்த வாத்தியாரே எதிரில் வந்தாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் பெஞ்சை எண்ணி, அடியை எண்ணி, பேசாத நாளையும் எண்ணிய அந்தப் பையனுக்கு, ஒன்பதாவது அடி தன் கையில் விழவே இல்லை என்பது மட்டும் கணக்கில் வரவில்லை.