வெசாக் கூடு பார்க்கப் போனது

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அன்புவழிபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தோம். சண்டைக் காலத்தில் பொழுதுபட்டால் படலைக்கு வெளியே தலை நீட்ட முடியாது. அந்த வருடம் புத்தர் திருநாளான வெசாக்குக்குக் கடற்கரைப் பூங்காவையும் பக்கத்து விளையாட்டு மைதானத்தையும் சுற்றி வெளிச்சக் கூடுகள் கட்டியிருக்கிறார்கள், சனம் பயமில்லாமல் போய் வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. என் கணவருக்கு விருப்பமில்லை. அவரின் அடையாள அட்டையில் மூதூர் விலாசம். குடாவுக்கு அந்தப் பக்கம், இயக்கம் இருந்த இடம்; அக்கரை ஆள் என்றாலே ஆமிச் சென்றியில் நிற்பவர்கள் முகத்தை இன்னொருமுறை பார்ப்பார்கள்.

"நல்லா இருட்டமுன்னம் திரும்பிடலாம், வாங்கோ" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

கூடுகள் வடிவாகத்தான் இருந்தன. தாமரைப்பூ ஒன்று, கப்பல் ஒன்று. மைதான வாசலில் பெரிய பந்தல், ஓடி ஓடி எரியும் நிறநிறமான பல்புகள். இருட்டியது தெரியாமல் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துத் துறைமுகப் பக்கம் ஒரு சத்தம். டயர் வெடித்ததோ, வேறேதுமோ, இன்றுவரை தெரியாது. எல்லா வெளிச்சமும் ஒரேயடியாக அணைந்தது. சனம் விழுந்தடித்து ஓடியதில் அவர் கை என் கையிலிருந்து கழன்றுவிட்டது.

கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்திருந்தார். நான் அதை நம்பினேனோ தெரியாது, என் நாக்கு நம்பியது. "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கத்தினேன். ஊரில் எந்தப் புருஷன்தான் அதற்குத் திரும்பிப் பார்க்கமாட்டான்!

நான் கண்டபோது அவர் மைதான மதிலைப் பார்த்தபடி நின்றார். பின்னால் இரண்டு ஆமிக்காரர். ஒருவன் டோர்ச் வெளிச்சத்தில் அடையாள அட்டையைப் பிடித்திருந்தான். படம் பழையது, மீசை இல்லாத முகம். ஓடிப்போய், "சேர், இது என்ட மனுசன் சேர்" என்றேன்.

அவன் அட்டையை உள்ளங்கையால் மூடினான். "மனுசன் பேர் சொல்லு."

வாய் திறந்தது, பெயர் வரவில்லை. "சாமியின்ட பேர், சேர்" என்றேன்.

"என்ன சாமி?"

அவருக்குப் பெயர் வைத்த சாமியின் மலைக்கோயில் இருக்கும் பக்கம் கையை நீட்டினேன். இருட்டில் யாரையோ காட்டுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, மற்றவன் சட்டென்று அந்தத் திக்கில் துவக்கை நீட்டினான். முதலாமவன் அவரைப் பிடரியில் பிடித்து மதிலோடு அழுத்தினான்.

"பொய். பெண்சாதிக்குப் பேர் தெரியாதா?"

அப்போதுதான் கத்தினேன். தகப்பன் பெயரையும் சேர்த்து, தொண்டை கிழியத் திரும்பத் திரும்பக் கத்தினேன். ஆயுளைப் பற்றி யோசிக்க அங்கே ஆயுள் இருந்தால்தானே.

அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அட்டையை நிலத்தில் போட்டு, "போ" என்றான்.

அட்டையைப் பொறுக்கிக்கொண்டு, ஓடினால் சுடுவார்கள் என்று நடந்தோம். முதுகு முழுக்கக் கூசியது. சந்தியைத் தாண்டினோம்.

"பேரைச் சொல்ல ஏன் இவ்வளவு நேரம் எடுத்தனீர்?" என்றார் பிறகு.

"பயமா இருந்தது. சொன்னா உங்களுக்கு ஏதும் ஆகிடுமெண்டு."

அவர் நின்றுவிட்டார். "என்ன சாமியெண்டு கேட்டாப்பிறகு பின்னால உம்மட சத்தத்தைக் காணேல்ல. என்னைத் தெரியாதெண்டு சொல்லப்போறீர் எண்டு நினைச்சனான்" என்றார். "சொல்லட்டும், இவளெண்டாலும் வீட்டை போய்ச் சேரட்டும் எண்டு மதிலைப் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு நிண்டனான்."