தாம்பூலத்தில் வைத்த சோப்பு

துவாரகாவில் எங்கள் வீட்டு நவராத்திரி கொலுவுக்கு வந்தவர்களுக்கு, தாம்பூலத்தோடு நானே செய்த சோப்பும் கொடுத்தேன். மறுநாள் காலை அதைப் போட்டுக் கை கழுவிய மகள், "அம்மா, கை பஹுத் எரியுது!" என்று அலறினாள்.

அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. தேங்காயெண்ணெய் பாதியில் தீர்ந்ததால், சமையலில் மாற்றுவதுபோல மீதிக்கு நல்லெண்ணெய் ஊற்றியிருந்தேன். எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா அதற்குக் குறைவாகவே போதும். நான் குறைக்காததால் மிச்சம் சோப்பிலேயே நின்றுவிட்டது.

வீடு வீடாக ஓடினேன். மேல்மாடி மாமி சோப்பும் துண்டுமாகக் குளிக்கக் கிளம்பியிருந்தார்.

"குடுத்த தாம்பூலத்தை யாராவது திருப்பிக் கேப்பாளாடி?"

"வெத்தலை பாக்கு இருக்கட்டும் மாமி, சோப்பை மட்டும் ஜல்தி குடுங்கோ!"

இப்போதெல்லாம் எண்ணெய் மாறினால் காஸ்டிக் சோடாவையும் புதிதாகக் கணக்கிடுகிறேன். தாம்பூலத்தில் சீப்பும் கண்ணாடியும்தான். ஆனாலும் இந்த வருஷம் பையை வாங்கியதும் மாமி முகர்ந்து பார்த்தார்.