இரட்டை வேகத்தில் அம்மா

முதுகலை உளவியல் படித்தபோது நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, மாணவர்களின் கைபேசி மோகமும் மனநலமும். ஊரைத் திருத்தும் உத்தேசம். கேள்வித்தாளைக் கைபேசியில்தான் அனுப்பினேன். நிரப்பாதவர்களைக் கைபேசியிலேயே காலையும் மாலையும் நச்சரித்தேன். கைபேசியைக் கீழே வைக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்வதற்காக நானும் அதைக் கீழே வைக்கவில்லை.

ஆராய்ச்சி செய்பவர் தன் கேள்வித்தாளைத் தானே நிரப்பக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை வகுத்தவர் புண்ணியவான்.

அப்பா ஏலக்காய் வியாபாரமாகப் பாதி மாதம் குமுளியில் இருப்பார். மட்டாஞ்சேரி வீட்டில் அம்மாவும் நானும்தான். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. மலையாளப் பள்ளியில் படித்த எனக்கு அப்போது தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் அம்மா குரல் பதிவுகள் அனுப்புவாள். குழாயில் தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுச் சேச்சி கப்பைக்கிழங்கு கொடுத்தது என்று எல்லாம் அதில் இருக்கும். நான் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாதியிலேயே கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவேன். பாசமில்லாத மகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பதிவுக்குக்கூட நான் கட்டைவிரல் பாக்கி வைத்ததில்லை.

எறணாகுளத்துக் கல்லூரியில் என் கருத்தரங்கு நடந்த நாள். மேடை ஏறும் முன்பு அம்மாவின் பதிவு வந்தது. திரையில் காட்டவேண்டிய படங்களைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டேன். டாக்டர், பத்தரை மணி, படகு ஏறும் ஜெட்டி என்று ஏதோ ஓடியது. யாரோ உறவுக்காரருக்கு உடம்பு சரியில்லை போலும் என்று கட்டைவிரல் அனுப்பினேன். பிறகு முகம் பார்த்துப் பேசுவதன் அருமை பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன். நல்ல கைத்தட்டல். கைதட்டாதவர்கள் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்தபோது அம்மா இரண்டு முறை கூப்பிட்டிருந்தது தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அம்மா சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வரேன்னு விரல் காட்டினயே. ஜெட்டில ஒரு மணி நேரம் நின்னேன். அப்பறம் நானே போயிட்டு வந்துட்டேன்."

"எங்கே?"

அவள் கத்தி முனையால் என் கைபேசியைக் காட்டினாள். அங்கேயே நின்று, அந்தப் பதிவை அதன் சொந்த வேகத்தில் கேட்டேன்.

"மார்ல கட்டி இருக்குன்னு டெஸ்ட் எடுத்தாளே, ரிசல்ட் வந்துடுத்து. டாக்டர் இன்னிக்கு வரச் சொல்லிருக்கார்." பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "எனக்கு பேடியா இருக்குடி. கூட வரியா? எறணாகுளம் ஜெட்டில பத்தரைக்கு நிக்கறேன்."

இருபத்தைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் வீட்டுக்குள் தமிழ் மட்டுமே பேசுகிறவள், பயத்தை மட்டும் மலையாளத்தில் சொல்வாள். கட்டி விஷயமும் போன வாரப் பதிவு ஏதோ ஒன்றில் வந்திருந்தது. அதற்கும் கட்டைவிரல் போயிருந்தது. இரட்டை வேகத்தில் யார் குரலிலும் பயம் இருப்பதில்லை, எல்லோரும் உற்சாகமாகத்தான் இருக்கிறார்கள். இதை என் ஆராய்ச்சியில் நான் எழுதவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பேடிக்க ஒண்ணும் இல்லையாம். வெறும் கொழுப்புக் கட்டி." மறுபடி நறுக்கத் தொடங்கினாள். "கூட யாரும் வரலையான்னு கேட்டார். பொண்ணு வெளியில நிக்கறா, போன்ல இருக்கான்னு சொன்னேன்."

"அம்மா..."

"உடனே நம்பிட்டார்."