பெமா அக்காவின் அண்ணன்

பச்சை சைப்ரஸ் இலை எரியும்போது எழுகிற புகையில் ஒரு கசப்பு உண்டு. முதலில் கண்ணைக் கரிக்கும், பிறகு தொண்டைக்குள் இறங்கி, சுக்குக் காப்பியின் காரம்போல வெகுநேரம் அங்கேயே தங்கிவிடும். ஊட்டி காந்தலில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் அந்தப் புகை தினமும் விடியற்காலையில் பின்பக்கத்துச் சன்னல் வழியாக வரும். ஈர விறகை ஊதி ஊதி ஏற்கெனவே கண் சிவந்திருக்கும் அம்மா, "நம்ம அடுப்புப் புகை பத்தாதுன்னு இது வேற" என்று சொல்லிக்கொண்டே சன்னலைச் சாத்தாமல் விட்டுவிடுவாள். அந்தப் புகை பின்கட்டில் குடியிருந்தவர்களின் காலைப் பூசை என்பது அவளுக்குத் தெரியும்.

பின்கட்டின் இரண்டு அறைகளில் தாஷியும் அவர் மனைவி பெமாவும் இருந்தார்கள். திபெத்திலிருந்து பனிமலையைக் கடந்து வந்தவர்கள். மைசூர்ப் பக்கத்தில் அவர்களுக்கென்று ஏற்பட்ட குடியிருப்பில் சில காலம் காடு வெட்டி மக்காச்சோளம் போட்டுப் பார்த்துவிட்டு, ஸ்வெட்டர் விற்க ஊட்டிக்கு வந்திருந்தார்கள். தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து, லூதியானாவிலிருந்து மூட்டையாக வரும் ஸ்வெட்டர்களையும் பெமா கையால் பின்னிய குல்லாய்களையும் அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. சீனாவோடு நடந்த யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் "சீனாக்காரங்க".

எந்தப் படை அவர்களுடைய மடங்களை இடித்து அவர்களை ஊரைவிட்டு ஓடவைத்ததோ, அந்த நாட்டின் பெயராலேயே இங்கே அழைக்கப்பட்டார்கள். பெமா அக்கா ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும், "சீனா இல்லை, திபெத்" என்று திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். தெருமுனையில் விறகுக்கடை வைத்திருந்த ராமசாமிக் கவுண்டரிடம் சொன்னபோது, "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குத்தானே அம்மிணி, நாங்க எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?" என்றார் அவர். அதன்பிறகு அக்கா திருத்துவதை நிறுத்திவிட்டார்.

அவர்களது உள்ளறையில் ஒரு பலகைத் தட்டு இருந்தது. அதில் அவர்களுடைய பெரிய குருவின் படம், வெள்ளைத் துண்டு சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அதன் முன்னால் ஏழு பித்தளைக் கிண்ணங்களில் காலையில் தண்ணீர் நிரப்பி, மாலையில் அந்தத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுவார்கள். கிண்ணங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, ஒரு நெல்மணி அளவு இடைவெளி வேண்டும். எண்ணுவதும் அளப்பதும் எனக்கு அந்த வயதிலேயே பிடித்த வேலை என்பதால் இதெல்லாம் நினைவிருக்கிறது.

அந்த வருடம் சீசன் முடிந்து கூட்டம் குறைந்த சமயத்தில், மைசூர்க் குடியிருப்பிலிருந்து தாஷியின் உறவினர் ஒருவர் வந்தார். திபெத்திலிருந்து புதிதாகத் தப்பி வந்த ஒருவர் அங்கே சொன்ன செய்தியை அவர் கொண்டுவந்திருந்தார். பெமா அக்காவின் அண்ணன் லோப்சாங், சிறு வயதிலேயே மடத்தில் சேர்ந்த துறவி. மடத்தை இடித்த பிறகும் ஊரைவிட்டு வராமல் அங்கேயே தங்கிவிட்டவர். அவரை ஒரு கூட்டத்தின் நடுவே நிறுத்தி, குருவின் படத்தைத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நிற்கவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை.

அக்கா அன்று அழுததாக எனக்கு நினைவில்லை. அழுவதா வேண்டாமா என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்தது என்று பின்னால் அம்மாதான் சொன்னாள். அவர்கள் வழக்கப்படி ஒருவர் இறந்தால் ஏழு வாரம் விளக்கேற்றி மந்திரம் படிக்க வேண்டும். அந்த ஏழு வாரமும் இறந்தவரின் உயிர் அடுத்த பிறவிக்கு வழி தேடி அலையும், கேட்கிற மந்திரமே அதற்குத் துணை என்று நம்புகிறார்கள். அண்ணன் இறந்திருந்தால் அதைச் செய்யாமல் விடுவது அவரை இருட்டில் கைவிடுவதாகும். உயிரோடு இருந்தால், அதைச் செய்வது நாமே அவரைச் சாவுக்குள் பிடித்துத் தள்ளுவதுபோல ஆகும். குடியிருப்பிலிருந்த பெரியவர்களில் ஒருவர் செய் என்றாராம், இன்னொருவர் செய்யாதே என்றாராம். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே அக்கா குல்லாய் பின்னிக்கொண்டே இருந்தார்.

எங்கள் தெருவில் இது அம்மா ஒருத்திக்குத்தான் உடனே புரிந்தது. அவளுடைய பெரியப்பா கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து சிலோன் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவில்லை. "எங்க பெரியம்மா சாகற வரைக்கும் பொட்டு வச்சுட்டுத்தான் இருந்தாங்க. திவசமும் இல்லை, ஒண்ணும் இல்லை. என்ன தேதின்னு செய்யறது?" என்று அம்மா சொன்னதை அக்கா தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். அண்ணன் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வது, அவருடைய ஆயுளுக்காகக் கொடி கட்டுவது. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற வரிசையில் ஐந்து ஐந்தாக இருபத்தைந்து சதுரத் துணிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு குதிரையும் சுற்றிலும் அவர்கள் எழுத்தில் மந்திரமும் அச்சிட்டிருந்தது. ஓரத்தில் தாஷி மையால் அண்ணன் பெயரை எழுதினார். கொல்லையில் நின்ற சைப்ரஸ் மரத்துக்கும் எங்கள் வீட்டுக் கூரைக் கட்டைக்கும் நடுவே கயிறு கட்டிக் கோத்தார்கள்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. அம்மாவின் கண்ணுக்குக் கயிற்றில் தொங்குகிற துணி என்றால் காயப்போட்ட துணி. தாஷியும் அக்காவும் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் மழை வந்தால், ஸ்டூல் போட்டு ஏறி, அத்தனை கொடிகளையும் அவிழ்த்து உள்ளே கொண்டுவந்து, அடுப்போரம் உலர்த்தி, மடித்து பீரோவில் வைத்துவிடுவாள். அவர்கள் வந்ததும் பத்திரமாக எடுத்துக் கொடுப்பாள். அக்கா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு மறுபடி கட்டுவார். வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியே ஒரு மாதம் ஓடியிருக்கிறது. ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அக்கா, நீங்க எடுக்க வேண்டாம். நனையணும்."

"ஊறிப்போயிருமே பெமா. சாயம் போயிரும்."

"போகணும் அக்கா. மந்திர எழுத்து எல்லாம் காத்துல அண்ணன்கிட்ட போகணும், மழையில போகணும். துணி கிழியணும். கிழிஞ்சாத்தான் நல்லது."

அம்மா வாயில் கை வைத்தாள். "அடக் கடவுளே. அப்ப நான் மடிச்சு மடிச்சு பீரோவுல வச்சது?"

வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த தாஷி நிமிராமலே சொன்னார்: "உங்க பீரோ நல்லா இருக்கும் அக்கா. நூறு வருஷம் இருக்கும்."

அந்தச் செய்தி வந்த பிறகு அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

கொடிகள் மழையிலேயே நிற்கத் தொடங்கியதும் அவை எல்லோர் கண்ணிலும் பட்டன. எங்கள் கொல்லை மேட்டில் இருந்ததால் கீழ்த்தெருவரை தெரியும். "சீனாக்காரன் கிளார்க் ஊட்டுல கொடி ஏத்திட்டான்" என்று பேச்சுக் கிளம்பி, அது காவல் நிலையம்வரை போய், ஒரு மாலை போலீஸ்காரர் ஒருவர் தொப்பியில் சாரலோடு வந்து நின்றார். அப்பா அப்போதுதான் ஆபீஸிலிருந்து திரும்பிக் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அரசாங்கக் குமாஸ்தா. ஒரு "மெமோ" வாங்காமல் ஓய்வு பெறுவதைத் தவிர வாழ்க்கையில் வேறு ஆசை இல்லாதவர்.

"ஏனுங்க, வெலிங்டன்ல பட்டாளம் இருக்கிற ஜில்லாங்க இது. சீன எழுத்துல கொடி பறக்குதுன்னு நாலு பேரு சொல்றாங்க. கழட்டிருங்க. காலையில வந்து பார்த்துட்டுப் போறேன்."

"கழட்டச் சொல்லிர்றேனுங்க" என்றார் அப்பா.

அவர் போனதும் அப்பா கொல்லைக்குப் போய்த் தாஷியிடம் விஷயத்தைச் சொன்னார். தாஷி ஸ்டூலை எடுக்கப் போனார். அக்காதான் கேட்டார்: "அண்ணா, அங்க இதைக் கட்டினா ஜெயில். இங்க கட்டினா என்ன?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா இந்த ஊரின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு அதன்படி நடக்கத்தான் கேட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இங்க ஜெயில் எல்லாம் இல்லைங்க" என்றார்.

"அப்ப எதுக்குக் கழட்டணும்?"

அப்பா வீட்டுப் பக்கம் திரும்பினார். "காலையில கழட்டிக்கலாம், இருட்டிருச்சு" என்று மட்டும் தாஷியிடம் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா ரசம் ஊற்றியபடி, "மெமோ வந்தா வரட்டுமுங்க. மிஞ்சிப்போனா கூடலூருக்கு மாத்துவாங்க. அங்க மழை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதானே" என்றாள்.

காலையில் போலீஸ்காரர் வந்தபோது கொடிகள் அப்படியே இருந்தன. வேடிக்கை பார்க்க விறகுக்கடைக் கவுண்டரும் வந்திருந்தார். அப்பா கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழ்வரை போட்டுக்கொண்டு, அவர்களைத் தானே கொல்லைக்கு அழைத்துப் போனார். "இது அவங்க சாமி காரியமுங்க. கட்சி இல்லை, சீனா இல்லை. என்ற ஊட்டுக் கொல்லை, நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன். யாராச்சும் கேட்டா என்ற பேரைச் சொல்லுங்க." ஒரு வார்த்தையைக்கூட அவர் விழுங்கவில்லை.

போலீஸ்காரர் ஒரு கொடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "குதிரை போட்டிருக்கு. யாருக்கும்மா நேர்ந்துக்கிட்டது?"

"அண்ணனுக்கு. ஜெயில்ல இருக்கார்."

"எந்த ஜெயிலு?"

"தெரியாது."

"எத்தனை வருஷம் போட்டிருக்காங்க?"

"தெரியாது."

"என்ன கேஸு?"

"படத்தை மிதிக்கலை" என்றார் அக்கா.

போலீஸ்காரர் கொடியை விட்டுவிட்டார். "எந்த ஜெயிலுன்னு தெரியாம எப்படிம்மா? இங்க கோழி திருடறவனைப் புடிச்சாக்கூட ஊட்டுக்குச் சொல்லி அனுப்பணுமே" என்று, தன் தொழிலுக்கே ஏதோ அவமானம் நேர்ந்துவிட்டதுபோலக் கேட்டார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கவுண்டர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "கயிறு இத்துப் போயிருக்குது. கடையில நல்ல கயிறு கிடக்குது, ஆளை அனுப்பு அம்மிணி" என்றார். மெமோ வரவில்லை. வரவில்லை என்பதை நம்ப அப்பாவுக்கு அந்த வருடம் முழுக்கத் தேவைப்பட்டது.

ஐப்பசி மழையில் அந்தக் கொடிகள் வெளுத்து நாராகின. அக்கா அவற்றை எடுத்துத் தரையில் படாமல் எரித்துவிட்டுப் புதியவற்றைக் கட்டினார். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை, கட்டிய இடங்கள் மாறினாலும், அண்ணன் பெயரோடு கொடிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

இப்போது எங்கள் காந்தல் வீடு இல்லை. விற்ற இடத்தில் ஐந்து மாடியில் ஒரு லாட்ஜ் நிற்கிறது, அதன் வாசலில் வண்டிகள் ஹாரன் அடிப்பதைப் பற்றி நான் மூன்று முறை புகார் கொடுத்து அலுத்துவிட்டேன். சைப்ரஸ் மரம் இல்லை, விறகுக்கடை இல்லை, அப்பாவும் அம்மாவும் தாஷியும் இல்லை. பெமா அக்காவும் மூன்று வருடத்துக்கு முன்பு போய்விட்டார். அவருக்கு எல்லாம் முறையாக நடந்தது. மைசூர்ப் பக்கத்திலிருந்து துறவிகள் வந்தார்கள், ஏழு வாரமும் விளக்கு எரிந்தது. முழங்கால் வலியோடு நானும் போய் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.

ஸ்வெட்டர் கடை வரிசையில் அக்காவின் மகள் டோல்மா இப்போது கடை வைத்திருக்கிறாள். ஊட்டியிலேயே பிறந்தவள், என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவாள். இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் மப்ளர் வாங்கப் போனபோது ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, வியாபாரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "லோப்சாங் மாமாவுக்குத் தொண்ணூத்தி மூணு ஆகுதுங்கண்ணா. எங்க ஆளுங்க எல்லாம், இனி எங்க இருக்கப் போறார், செத்தவங்களுக்குப் படிக்கிறதுல சேர்த்துடு, பாவம் அவருக்கும் ஒரு வழி கிடைக்கட்டும்ங்கிறாங்க. தப்பா சொல்லலை, நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"அம்மா கடைசியா ஒண்ணு சொன்னாங்க. நம்ம ஆளு ஒருத்தர் அங்க போயி, பயப்படாம அந்த ஜெயிலு வாசல்ல நின்னு, லோப்சாங் இருக்காரா இல்லையான்னு கேக்கணும். அவங்க பதில் சொல்லணும். இல்லைன்னு சொன்னா அன்னைக்கு விளக்கு வை. அதுக்கு முன்னாடி நீயா முடிவு பண்ணிட்டா, அவங்க செஞ்சதை நாமளே முடிச்சு வச்ச மாதிரி ஆயிரும்னாங்க."

மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

அவர்களுடைய புத்தாண்டு வந்தபோது டோல்மா என்னையும் அழைத்திருந்தாள். வாடகைக் கட்டடத்தின் மேல்மாடியில் பிரார்த்தனை. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஆடுகிறது, இதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறிப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். உடல்நலம் வேண்டியும் ஆயுள் வேண்டியும் படிக்கப்படுகிற பெயர்களை ஓர் இளம் துறவி ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வந்தார். டோல்மா முறை வந்ததும் பெயரைச் சொன்னாள். வயது கேட்டார். சொன்னாள். அவர் நிமிர்ந்து ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் போய் அமர்ந்து, பிறந்து நாற்பது நாளான ஒரு குழந்தையின் பெயருக்கும் இருமல் தீராத ஒரு டிரைவரின் பெயருக்கும் நடுவே, அதே குரலில், லோப்சாங் என்று படித்தார்.