இருபது பிரேம் முந்திய சிரிப்பு

1. கோப்பு யாரிடம் போனது

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கோப்பு என் பக்கம்தான் வரும் என்று நினைத்து, பேனா மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். எங்கள் ஸ்டூடியோவை நடத்திய ஷ்டெஃபான் அதை எனக்கு எதிரே இருந்த சுமதியிடம் கொடுத்தார்.

மியூனிக்கில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் இருபத்தேழு வருடம் ஒலித்தொகுப்பாளராக வேலை செய்துவிட்டு, போன வசந்தத்தில் ஓய்வு பெற்றேன். வெளிநாட்டுத் தொடர்களுக்கு ஜேர்மன் குரல் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அன்று வந்த கோப்பு பழைய அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றினுடையது. ஐந்தாறு நடிகர்கள் வாரம் ஒருமுறை பார்வையாளர்கள் முன்னால் சின்னச் சின்ன நாடகங்கள் போடுவார்கள். ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனம் அதை ஜேர்மனில் கேட்டிருந்தது.

வசனம் எழுதுவது என் வேலை இல்லை என்றாலும், அதை என்னுடைய நிகழ்ச்சி என்றே நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த புதிதில், அவுக்ஸ்புர்க் நகரில் ஓர் அமெரிக்க இராணுவ அதிகாரியின் வீட்டில் துணி அயர்ன் பண்ணினேன். அந்த வீட்டு அம்மா அமெரிக்காவிலிருந்து வரும் வீடியோ கசெற்றைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்காருவார். அவர் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன். ஏன் சிரித்தோம் என்பது பல மாதங்கள் கழித்துத்தான் விளங்கியது. என் ஆங்கிலம் அப்படித்தான் வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு சேர்ட் கொலரைக் கருக்கியதும் உண்டு.

சுமதியும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். எசன் நகரில் வளர்ந்தவள், நாற்பது வயது, ஜேர்மன் வசனம் எழுதுபவள். நடிகரின் வாயசைவுக்குப் பொருந்த எழுதுவதில் கெட்டிக்காரி. ஆனால் இந்த நிகழ்ச்சியின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"ரஞ்சியக்கா, நீங்கள் இதைப் பாத்திருக்கிறியளோ?"

"ஓம், கொஞ்சம்."

"எனக்கு ஒண்டும் தெரியாது. எந்த நாடகத்தில தொடங்கிறதெண்டு சொல்லுங்கோவன்."

"எனக்கும் இப்ப ஞாபகமில்லை" என்றேன். எல்லாம் ஞாபகம் இருந்தது. அவளுக்குச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

2. சிரிப்பு ஒட்டும் வேலை

அந்தக் காலத்து ஒலிநாடாவில் நடிகரின் குரலும் பார்வையாளரின் சிரிப்பும் ஒரே ட்ராக்கில் இருக்கும். ஜேர்மன் குரல் போட்டால் பழைய குரலோடு சிரிப்பும் போய்விடும். வசனம் இல்லாத இடங்களிலிருந்து சிரிப்பை மட்டும் வெட்டியெடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். அது என் வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். ஜேர்மனில் பல வாக்கியங்களில், நம் தமிழைப் போல, அது கடைசியில்தான் வரும். சிரிக்க வைக்கும் பகிடி அந்தக் கடைசிச் சொல்லில் இருந்தால், சிரிப்பையும் அதுவரை பின்னால் நகர்த்த வேண்டும்.

முதல் இரண்டு பகுதிகளில் ஒழுங்காகத்தான் நகர்த்தினேன். மூன்றாவது பகுதியின் குரல்பதிவுக்குப் போனபோது, மைக்குக்கு முன்னால் நின்ற நடிகர் சுமதியின் வசனத்தை வாசிக்க முடியாமல் மூன்று தடவை சிரித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஷ்டெஃபான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுமதி தலையைக் குனிந்து பென்சிலால் ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள். அந்த அடக்கம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இருபத்தேழு வருடத்தில் என் வேலையைக் கேட்டு யாரும் கண்ணைத் துடைத்ததில்லை.

அந்த நாடகம் ஒரு ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் நடப்பது. உட்கார்ந்திருப்பவர்கள் யாருடைய வியாதி பெரியது என்று போட்டி போடுவார்கள். கடைசியில் ஒரு கிழவர் எல்லாரையும் வென்றுவிடுவார். கண் தெரியாது, கை நடுங்கும், நின்றால் தலை சுற்றும். பிறகு எழுந்து, "இன்றைக்கு உங்கள் எல்லாரையும் நான்தான் ஒப்பரேஷன் செய்யப்போகிறேன்" என்பார். ஆங்கிலத்தில் ஒப்பரேஷன் என்ற சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வரும். சுமதியின் ஜேர்மனில் அது கடைசிச் சொல்.

நான் சிரிப்பை ஆங்கிலத்தில் இருந்த இடத்திலேயே விட்டேன். இருபது பிரேம், ஒரு நொடிகூட இல்லை. கடைசிச் சொல் சிரிப்புக்குள் மூழ்கிப்போனது. மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு சேமித்தேன்.

3. யாரும் சிரிக்காத அறை

ஸ்ட்ரீமிங் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் அந்தப் பகுதியைப் பார்க்க வந்தார்கள். கிழவர் எழுந்தார், ஒலிபெருக்கியில் சிரிப்பு வெடித்தது, அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வந்தவர்களில் ஒரு பெண், "இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டார். சுமதியின் காது மடல் சிவந்தது.

அவர்கள் போனபின் ஷ்டெஃபான் என்னைக் கூப்பிட்டார். "வசனம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ரஞ்சி, உனக்கு இந்த நிகழ்ச்சி தெரியுமாமே. நாலாவது பகுதியை நீ எழுதிப் பார்க்கிறாயா?"

வெட்கப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரம் எழுதினேன். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். அப்படியே ஜேர்மனுக்குக் கொண்டுவந்தேன். குரல்பதிவு நாளில் அதே நடிகர் என் வசனத்தை ஒரு தடவையிலேயே பிழையில்லாமல் வாசித்து முடித்தார். வாசித்துவிட்டு, "இதில் பகிடி எந்த இடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் விளக்கினேன். விளக்க விளக்க அது பகிடியாகவே இல்லை. எங்கே சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சிரிக்க வைக்கத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது சுமதி தன் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தாள். ஒப்பந்தத்தில் வந்தவள். ஷ்டெஃபான் அடுத்த வேலைக்கு வேறு ஆள் தேடுகிறார் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அந்த டொக்டர் பகிடி ஏன் எடுபடாமப் போனதெண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை அக்கா. எழுதேக்க நான் தனிய இருந்து சிரிச்சனான்" என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. நேராக என் அறைக்குப் போய் அந்தக் காட்சியைத் திறந்தேன். சிரிப்பை இருபது பிரேம் பின்னால் தள்ளினேன். ஷ்டெஃபானையும் சுமதியையும் கூப்பிட்டு உட்காரச் சொல்லி ஓடவிட்டேன். ஷ்டெஃபான் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"என்ன மாற்றினாய்?"

"வசனத்தில் ஒன்றும் மாற்றவில்லை. சிரிப்பைத்தான் மாற்றினேன். போன தடவை பிழையான இடத்தில் வைத்தது நான். தெரிந்துதான் வைத்தேன்."

ஷ்டெஃபான் எழுந்து போனார். சுமதி இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"கோவமெண்டால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே அக்கா. சேர்ந்து எழுதியிருக்கலாம்."

"கோவமில்லை, பொறாமை" என்றேன்.

"அது எனக்கு விளங்குது. ஆனா இனி என்ர வேலையை நீங்கள் தொட வேண்டாம்."

4. பெயர்

ஷ்டெஃபான் நிறுவனத்துக்கு எழுதி, பிழை எங்கள் ஒலிப்பிரிவுடையது என்று ஒப்புக்கொண்டார். தொடர் சுமதியிடம் திரும்பிப் போனது. சிரிப்பு ஒட்டும் வேலை வேறொருவருக்குப் போனது. நான் ஓய்வு பெறும்வரை ஆவணப்படங்களுக்குக் காற்றும் மழையும் ஒட்டினேன்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காதவரின் வேலை உங்கள் கைக்கு வரும் நாளில், சேமிப்பதற்கு முன் இன்னொருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அன்று உங்கள் காதை நம்ப முடியாது.

தொடர் வெளியானபோது வீட்டில் கணவரோடு பார்த்தேன். சுமதி அந்த நாடகத்தின் மற்ற வரிகளையும் இன்னும் செதுக்கியிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. கணவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

"நல்லாயிருக்கு. ஆர் எழுதினது?" என்று கேட்டார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

சுமதியின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பிறகு தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, மிச்சத்தையும் சொன்னேன்.